ரஹமத்தின் காகிதமும் மெக்காலே பேசாத பேச்சும்

கொல்கத்தாவின் நியூ டவுனில் கவிஞர்களுக்குப் பஞ்சமில்லை. நார்கேல்பாகானில் ரவீந்திர தீர்த்தம், கொஞ்சம் தள்ளி நஸ்ருல் தீர்த்தம். மென்பொருள் வேலைக்காகத் தமிழ்நாட்டிலிருந்து மாற்றலாகி வருகிறவர்கள் காலையில் போய் உட்காரும் வளாகங்களில் ஒன்றின் பெயரே ‘கீதாஞ்சலி பார்க்’. இத்தனை கவிதை சூழ்ந்த ஊரிலும் பிள்ளை பதினொன்றாம் வகுப்புக்கு வந்துவிட்டால் முதலில் நேரம் பறிபோவது இலக்கியப் பாடத்துக்குத்தான். கணக்குக்கு ட்யூஷன், வேதியியலுக்கு ட்யூஷன். கதைக்கும் கவிதைக்கும் நோட்ஸ் போதும். சி.பி.எஸ்.இ. ஆனாலும் ஐ.எஸ்.சி. ஆனாலும் ஆங்கிலத்தில் 20 மதிப்பெண் பள்ளியே போடும் உள்மதிப்பீடு. அதற்கான ப்ராஜெக்ட், கடைசி வாரத்தில் அப்பாவின் மடிக்கணினியில் அவசரமாக உருவாகும்.

இந்த அலட்சியத்துக்குச் சில நம்பிக்கைகள் துணை. அவை பெற்றோரிடம் மட்டுமில்லை, இலக்கியத்தை உயர்த்திப் பேசுகிற ஆசிரியர்களிடமும் இருக்கின்றன.

“கதை படித்தால் மனம் தானாக இளகும்”

இதற்கு விஞ்ஞான முத்திரையே உண்டு என்பார்கள். 2013இல் ‘சயின்ஸ்’ இதழில் டேவிட் கிட், இமானுவேல் கஸ்தானோ இருவரும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். இலக்கியத் தரமான புனைகதையைச் சிறிது நேரம் படித்தவர்கள், படத்திலுள்ள கண்களை மட்டும் பார்த்து அந்த முகத்தின் உணர்ச்சியை இன்னும் சரியாகக் கணித்தார்கள் என்பது முடிவு. உலகெங்கும் இலக்கிய ஆசிரியர்கள் மகிழ்ந்துபோனார்கள். பிறகு வேறு குழுக்கள் அதே சோதனையைச் செய்து பார்த்தபோது அந்த விளைவு வரவில்லை. 2018இல் ‘நேச்சர்’, ‘சயின்ஸ்’ இதழ்களில் வந்திருந்த 21 சமூக அறிவியல் ஆய்வுகளைத் திரும்பச் செய்தார்கள், 13 தேறின. தேறாதவற்றில் இதுவும் ஒன்று. அதே ஆண்டில் டோடல்-ஃபெடர், தமீர் என்ற இருவர் 14 ஆய்வுகளை ஒன்றுசேர்த்து அலசினார்கள். புனைகதை வாசிப்பால் பலன் இருக்கிறது, ஆனால் சிறியது என்றார்கள்.

ஒரு தடவை படித்துவிட்டு எழுந்தவன் கருணையாளனாகிவிட மாட்டான் என்பது இதிலிருந்து தெரிகிறது. படித்த பிறகு வகுப்பில் என்ன கேட்கப்படுகிறது என்பதில்தான் காரியம் இருக்கிறது என்பது என் கட்சி. பெரும்பாலும் கேட்கப்படுவது, “இக்கதையிலிருந்து நீ அறியும் நீதி யாது?”

“பரிவு என்றால் பாவம் பார்ப்பது”

தாகூர் 1892இல் எழுதிய ‘காபூலிவாலா’வை எடுத்துக்கொள்வோம். ஏதாவது ஒரு வகுப்பில் அதைக் கடக்காமல் பள்ளி முடிப்பவர்கள் குறைவு. வழக்கமான விடை இப்படி இருக்கும்: காபூலிவாலாவான ரஹமத் ஏழை, மகளைப் பிரிந்தவன், பாவம், நாம் எல்லாரிடமும் அன்பு காட்ட வேண்டும். இதற்கு முழு மதிப்பெண்ணும் கிடைத்துவிடும். கதையைத் திறக்காமலே எழுதிவிடக்கூடிய விடை இது.

கதைக்குள் நடப்பது வேறு. கதை சொல்பவர் மினி என்ற சிறுமியின் தந்தை. அவருக்கு ரஹமத் மீது எடுத்த எடுப்பில் கருணை பொங்குவதில்லை. சிறையிலிருந்து வெளிவந்தவன் மினியின் கல்யாணத்தன்று வாசலில் வந்து நிற்கிறான். இவனைப் போய் இன்றைக்குப் பார்க்க வேண்டுமா என்று தந்தைக்குச் சங்கடம். வேலை இருக்கிறது, இன்னொரு நாள் வா என்கிறார். அவர் மனம் மாறும் இடம் எது? ரஹமத் தன் உடுப்புக்குள்ளிருந்து ஓர் அழுக்குக் காகிதத்தை எடுத்து விரிக்கிறான். புகைப்படம் இல்லை, ஓவியம் இல்லை. மகளின் சின்னக் கையில் கரி பூசி எடுத்த பதிவு. அதைப் பார்த்த பிறகுதான் எதிரே நிற்பவனும் தன்னைப் போல் ஒரு தகப்பன் என்று அவருக்கு உறைக்கிறது. கையில் ஓர் ஆதாரத்தைப் பிடித்துப் பார்த்து வந்த பரிவு அது.

அதற்கு அவர் விலையும் கொடுக்கிறார். ரஹமத் ஊர் திரும்பப் பணம் தந்ததால் கல்யாணத்தில் மின்விளக்கும் பேண்டு வாத்தியமும் இல்லாமல் போகின்றன. வீட்டுப் பெண்களுக்கு வருத்தம். இந்த விவரம் மாணவர் விடைகளில் வருவதே இல்லை. கடன் பாக்கி வைத்த ஆளை ரஹமத் கத்தியால் குத்தியதும் பாதி விடைகளில் காணாமல் போகிறது, பரிதாபத்துக்குரியவன் கையில் கத்தி இருந்தால் நீதிக்கு இடைஞ்சல் என்பதாலோ என்னவோ. மினியின் தாயைக் கதை சற்றுக் கேலியாகவே காட்டுகிறது, எதற்கெடுத்தாலும் பயப்படுகிறவள் என்று. அவள் இடத்தில் நின்றால் அந்தப் பயம் அவ்வளவு அபத்தமா? இந்தக் கேள்வியைப் போட்டுவிட்டு, “எந்த வரியை வைத்துச் சொல்கிறாய்?” என்று கூடவே கேட்டால் வகுப்பு சூடுபிடிக்கும். இலக்கியத்தில் தப்பான விடையே கிடையாது, அவரவர் கருத்து அவரவர்க்கு என்ற பேச்சும் அங்கேயே அடிபட்டுப்போகும். பல விடைகள் உண்டுதான். கதையிலிருந்து காட்ட முடியாத விடை அவற்றில் சேராது.

“தாகூர் சொன்னார் என்று போட்டால் போதாதா?”

போதாது. மாணவன் மேற்கோள் குறிக்குள் போடும் ஆங்கிலம் பெரும்பாலும் தாகூருடையது இல்லை. ‘காபூலிவாலா’வின் புகழ்பெற்ற பழைய ஆங்கில வடிவம் சகோதரி நிவேதிதையின் கைவண்ணம்; அவர் மறைந்த பின், 1912 ஜனவரியில் ‘மாடர்ன் ரெவ்யூ’வில் வந்தது. பாரதி குருவாக ஏற்று, 1908இல் தம் ‘ஸ்வதேச கீதங்கள்’ நூலைச் சமர்ப்பித்தாரே, அதே நிவேதிதை. ஒரு சொல் ஏன் அங்கே விழுந்தது என்று ஆராயும்போது அது தாகூரின் தேர்வா மொழிபெயர்ப்பாளரின் தேர்வா என்பது முக்கியம். தமிழில் படிக்கிறவர்களுக்கும் இது பொருந்தும். த.நா. குமாரஸ்வாமி, சு. கிருஷ்ணமூர்த்தி போன்றவர்கள் வங்காளத்திலிருந்து நேராகவே தமிழுக்குக் கொண்டுவந்தவர்கள். ஆங்கிலம் வழியே வந்தவையும் இருக்கின்றன.

இன்னொன்று, பள்ளிச் சுவர்களில் அடிக்கடி காணும் அச்சமற்ற மனத்தைப் பற்றிய பிரார்த்தனைக் கவிதை. கீழே ‘கீதாஞ்சலி’ என்று போட்டிருப்பார்கள். ஆங்கில கீதாஞ்சலியில் அது 35ஆவது பாடல். அந்த வகையில் சரி. ஆனால் 1910இல் வந்த வங்காள கீதாஞ்சலியில் தேடினால் கிடைக்காது. அதன் மூலம் 1901இல் வந்த ‘நைவேத்ய’ தொகுப்பில் இருக்கிறது. 1912இல் லண்டனில் வெளியான ஆங்கில நூலின் 103 பாடல்களில் ஏறத்தாழப் பாதிதான் வங்காள கீதாஞ்சலியிலிருந்து எடுத்தவை. மீதி வேறு தொகுப்புகளிலிருந்து வந்தவை. வங்காளக் குழந்தைகள் நிறைந்த வகுப்பில் இந்தத் துப்பறியும் வேலையைக் கொடுத்துப் பார்க்கலாம். வீட்டில் தாத்தாவின் அலமாரி திறக்கும். தமிழ்ப் பிள்ளை அந்தத் தாத்தாவிடம் போய் உதவி கேட்கவும் நேரிடும்.

“அடிக்குறிப்பு போடுவது வெள்ளைக்காரன் வழக்கம்”

இதைச் சொல்கிறவர்கள் நம் உரையாசிரியர்களைப் புரட்டிப் பார்த்ததில்லை. குண்டலகேசி என்ற பௌத்தக் காப்பியம் முழுதாக நமக்குக் கிடைக்கவில்லை. அதை மறுப்பதற்கென்றே எழுந்த சமண நூல் நீலகேசி. நீலகேசிக்கு உரை எழுதிய சமய திவாகர வாமன முனிவர், மறுக்கப்படும் கட்சியின் பாடல்களை எடுத்துக் காட்டிவிட்டு மறுப்பை விளக்குகிறார். இன்று குண்டலகேசியில் எஞ்சியிருக்கும் கொஞ்சத்தில் அவர் எடுத்துக்காட்டியவையும் அடக்கம். எதிராளியின் வார்த்தையை அப்படியே எடுத்துவைத்தால்தான் மறுப்பு நிற்கும் என்ற மரபு அது. முத்தொள்ளாயிரத்தில் நமக்குக் கிட்டியிருக்கும் நூற்றுச் சொச்சம் பாடல்களும் ‘புறத்திரட்டு’ தொகுத்தவர் நூல் பெயரோடு குறித்துவைத்த புண்ணியம்.

உ.வே. சாமிநாதையர் கதை இன்னும் பொருத்தமானது. சீவக சிந்தாமணியை 1887இல் பதிப்பித்தார், புறநானூற்றை 1894இல். எந்தெந்த ஊரில் யார் யாரிடமிருந்து ஏட்டுப் பிரதி வந்தது என்று முகவுரையில் எழுதினார், பாடபேதங்களைக் குறித்தார். சிந்தாமணி சமணக் காப்பியம். அவரோ சைவச் சூழலில், திருவாவடுதுறை ஆதீனத்தில் பாடம் கேட்டு வளர்ந்தவர். புரியாத இடங்களை ஊகத்தால் நிரப்பிக்கொள்ளவில்லை. கும்பகோணத்துச் சமணர் வீடுகளுக்கே போய், அந்த நூலைப் பக்தியோடு படிக்கிறவர்களிடம் உட்கார்ந்து கேட்டுக்கொண்டார். ஆதாரம் தேடிப் போன நடை, வேறு மதத்தவர் வீட்டுத் திண்ணையில் மாணவனாய் அமர்வதில் போய் முடிந்தது. பரிவும் மேற்கோளும் இரண்டு தனிப் பாடங்கள் என்று பாடத்திட்டம் வகுக்கிறவர்கள் இந்த இடத்தைப் படிக்கலாம்.

“நமக்குப் பெருமை தரும் மேற்கோளை யார் சரிபார்ப்பார்?”

பள்ளிப் பேச்சுப்போட்டிகளில் உலவும் ஒரு மேற்கோள். 1835 பிப்ரவரி 2 அன்று ஆங்கிலேய நிர்வாகி மெக்காலே பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் பேசியதாம். இந்தியாவைக் குறுக்கும் நெடுக்கும் சுற்றிவிட்டேன், பிச்சைக்காரனையோ திருடனையோ காணவில்லை, இவர்களை வெல்ல இவர்கள் கல்வியை மாற்ற வேண்டும் என்கிற தோரணையில் போகும். கைதட்டல் நிச்சயம்.

இதை உடைக்க அந்தத் தேதி ஒன்றே போதும். மெக்காலே 1834 ஜூனில் சென்னையில் கப்பலிலிருந்து இறங்கினார். தலைமை ஆளுநர் பெண்டிங்க் அப்போது உதகமண்டலத்தில் இருந்ததால் மைசூர் வழியாக மலையேறிப் போய்ப் பார்த்தார். பிறகு கல்கத்தா. 1838 தொடக்கம் வரை இந்தியாவில்தான் இருந்தார். 1835 பிப்ரவரி 2 என்பது கல்கத்தாவில் அவர் எழுதிய கல்விக் குறிப்பின் தேதி. அதே நாளில் லண்டனில் நின்று பேசியிருக்க முடியாது. எட்டு மாதத்தில் நாடு முழுக்கச் சுற்றியிருக்கவும் முடியாது. உண்மையான தேதியின் மேல் பொய்யான பேச்சை யாரோ ஒட்டிவிட்டார்கள்.

பொய்யான பேச்சில் மெக்காலே நம்மைப் புகழ்கிறார். உண்மையான குறிப்பில் சமஸ்கிருத, அரபு நூல்களை ஒட்டுமொத்தமாக இளக்காரம் செய்கிறார். அந்த இரண்டு மொழியும் தமக்குத் தெரியாது என்று அதே குறிப்பில் ஒப்புக்கொண்டே செய்கிறார். கப்பலில் வரும்போது ஹோமரையும் வர்ஜிலையும் கரைத்துக் குடித்த மனிதர் அவர். முதலில் பார்த்த நம்பிக்கைக்கு, அதாவது படித்தால் மனம் தானாக இளகும் என்பதற்கு, இதைவிட நல்ல மறுப்பு எனக்குத் தெரியாது. இனிப்பான பொய்யை மேடையில் சொல்லும் பிள்ளைக்கு இந்தக் கசப்பான அசல் கண்ணில் படாமலே போய்விடுகிறது.

“பத்து சதவீதம் வரை காப்பி அடிக்கலாம்”

2018ஆம் ஆண்டு யு.ஜி.சி. விதிகளில், ஒற்றுமை 10 சதவீதத்துக்குள் இருந்தால் தண்டனை இல்லை என்று வருகிறது. அது உயர்கல்வி நிறுவனங்களுக்கானது. திருடுவதற்கான உரிமம் அல்ல. ஒரே ஒரு வரியை எடுத்தாலும் யாருடையது என்று சொல்லியாக வேண்டும். செயற்கை நுண்ணறிவிடம் நூற்பட்டியல் வாங்கிக்கொள்ளலாம் என்பவர்கள், 2023இல் நியூயார்க் நீதிமன்றத்தில் சாட்ஜிபிடி புனைந்த, நடக்கவே நடக்காத வழக்குகளை மேற்கோள் காட்டி 5,000 டாலர் அபராதத்துக்கு ஆளான வழக்கறிஞர்களை நினைத்துக்கொள்ளலாம்.

“அன்றைய பத்திரிகையிலேயே வந்திருக்கிறதே!”

1911 டிசம்பர் 27, கல்கத்தா காங்கிரஸ் மாநாட்டின் இரண்டாம் நாள். தாகூரின் ‘ஜன கண மன’ முதன்முதலாகப் பொதுமேடையில் பாடப்பட்டது. ஐந்தாம் ஜார்ஜ் இந்தியா வந்திருந்த சமயம். அவரைப் போற்றி ராம்புஜ் சௌத்ரி எழுதிய இந்திப் பாடல் ஒன்றும் அதே நாளில் பாடப்பட்டது. மறுநாள் ஆங்கிலேயர் நடத்திய பத்திரிகைகள், தாகூர் பாட்டு மன்னரை வரவேற்றது என்று எழுதின. ‘பெங்காலி’யும் ‘அம்ரித பஜார் பத்ரிகா’வும் இரண்டு பாட்டையும் பிரித்தே எழுதின. குழப்பம் தீரவில்லை. 1937இல் புலின் பிஹாரி சென் கேட்டதற்கு எழுதிய கடிதத்தில் தாகூரே அதை மறுத்தார். அந்த வதந்தி இன்னமும் ஓய்ந்தபாடில்லை.

பதினொன்றாம் வகுப்புக்கு இதைவிட நல்ல ப்ராஜெக்ட் கிடைக்காது. இரண்டு தரப்புப் பத்திரிகைச் செய்திகள், 26 ஆண்டு கழித்து எழுதிய கடிதம், பாடலின் முழு வடிவம். எதற்கு எவ்வளவு எடை? சம்பவத்துக்கு மறுநாள் எழுதியது என்பதாலேயே ஒன்று நம்பகமானதா? தம்மைப் பற்றித் தாமே சொல்வதால் தாகூரின் கடிதத்தைக் கொஞ்சம் சந்தேகத்தோடு படிக்க வேண்டுமா? கடைசிக் கேள்வியாக, மொழி விளங்காத இரண்டு பாடல்களை ஒரே மேடையில் கேட்டிருக்கக்கூடிய அந்த ஆங்கில நிருபரின் இடத்தில் நின்று அரைப்பக்கம் எழுதச் சொல்லலாம். அவர் வேண்டுமென்றே பொய் எழுதினார் என்று ஒரு பிள்ளை எழுதினால், அதற்கும் ஆதாரம் கேட்க வேண்டும்.