காயினில் வாங்கலாமா, ரூபாயிலேயே வாங்கலாமா?

கும்மிடிப்பூண்டி சிப்காட்டை ஒட்டிய லேத் பட்டறைக்கோ, திருவள்ளூர் காக்களூர் சிட்கோவில் இருக்கும் ஒரு சின்ன யூனிட்டுக்கோ கிரைண்டர், வெல்டிங் மிஷின் வேண்டுமென்றால் முன்பெல்லாம் ரயிலேறிப் பாரிமுனைக்குப் போவார்கள். இப்போது பலர் அமேசானிலோ ஃபிளிப்கார்ட்டிலோ ஆர்டர் போட்டுவிடுகிறார்கள். போனில் கொஞ்சம் பிட்காயின் வைத்திருப்பவருக்கு உடனே ஒரு கேள்வி எழும்: இதைக் கொடுத்தே வாங்க முடியாதா? முடியாது. இரண்டு தளங்களும் இந்தியாவில் கிரிப்டோவை எடுத்துக்கொள்வதில்லை. இனி எடுத்துக்கொள்வார்கள் என்று காயினைப் பூட்டிவைத்துக் காத்திருப்பதும் வீண் என்பது என் கணிப்பு.

வெளிநாட்டில் முயன்று பார்த்திருக்கிறார்கள். அமெரிக்க ஆன்லைன் கடையான ஓவர்ஸ்டாக் 2014 ஜனவரியிலேயே பிட்காயினை ஏற்கத் தொடங்கியது. அதே ஆண்டில் டெல்லும் மைக்ரோசாஃப்டும் வந்தன. வீடியோ கேம் விற்கும் ஸ்டீம் 2016இல் சேர்ந்து, 2017 டிசம்பரில் போதுமென்று நிறுத்திவிட்டது. ஒரு பரிவர்த்தனைக்கே 20 டாலர் வரை கட்டணம் போனது. பணம் வந்து சேர்வதற்குள் பிட்காயின் விலை மாறிவிட்டால், குறைந்ததை வாடிக்கையாளர் அனுப்ப வேண்டும், கூடியதைக் கடைக்காரர் திருப்ப வேண்டும், அதற்கும் மறுபடி கட்டணம். 2021 ஜூலையில் டிஜிட்டல் கரன்சிக்கு ஆள் தேவை என்று அமேசான் விளம்பரம் கொடுத்ததும் பிட்காயின் விலை எகிறியது. பிட்காயின் ஏற்கப்போவதாக வந்த செய்தியை நிறுவனம் மறுத்தது. அந்தப் பரபரப்பை வைத்தே போலி ‘அமேசான் டோக்கன்’ விற்றவர்களும் உண்டு.

விலை ஆடாத ஸ்டேபிள்காயின் வந்த பிறகு ஸ்டீம் பட்டது போன்ற தலைவலி பெருமளவு தீர்ந்தது. 2025இல் ஷாப்பிஃபை கடைகளுக்கு யூஎஸ்டிசி என்ற ஸ்டேபிள்காயினை ஏற்கும் வசதி வந்தது. அது தீர்க்காதது நம் ஊர்ச் சிக்கலை. அந்தச் சிக்கல் வரியில் இருக்கிறது.

கிரிப்டோ இங்கே சட்டவிரோதம் அல்ல. 2018 ஏப்ரலில் வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி போட்ட தடையை 2020 மார்ச் 4 அன்று உச்ச நீதிமன்றம் நீக்கிவிட்டது. ஆனால் 2022 பட்ஜெட், காயின் லாபத்துக்கு 30 சதவீத வரியும், கைமாறும் தொகைக்கு 1 சதவீத டிடிஎஸ்ஸும் கொண்டுவந்தது. காயினைக் கொடுத்துப் பொருள் வாங்கினாலும் வருமான வரிக்கு அது காயினை விற்ற கணக்குதான். 20,000 ரூபாய்க்கு வாங்கிய காயின் 30,000 ஆகி, அதைக் கொடுத்து ஒரு மிஷின் வாங்குகிறீர்கள் என்று வையுங்கள். லாபம் 10,000; வரியும் செஸ்ஸும் சேர்த்து 3,120 ரூபாய் நீங்கள் தனியாகக் கட்ட வேண்டும். அதே ஆண்டில் இன்னொரு காயினில் 10,000 நஷ்டமானாலும் கழித்துக்கொள்ள முடியாது.

தளத்தின் பக்கம் இன்னும் மோசம். காயினுக்குப் பதிலாகப் பணம் தராமல் பொருளைத் தருவதால், டிடிஎஸ் பிடிக்கப் பணமே இல்லை. ஒருவரிடம் வாங்கியது ஆண்டுக்கு 10,000 ரூபாயைத் தாண்டிவிட்டால், அந்த 1 சதவீதம் கட்டியாயிற்றா என்று உறுதி செய்த பிறகே பொருளை விட வேண்டும். தினம் லட்சக்கணக்கில் பார்சல் அனுப்புகிறவர்கள் இதற்கெல்லாம் நிற்பார்களா? ஸ்டேபிள்காயினும் இதே வரி வளையத்துக்குள்தான் வருகிறது. ஆகவே அமேசான் அமெரிக்காவில் என்ன அறிவிக்கிறது என்று பார்ப்பதைவிட, இங்கே பட்ஜெட்டில் இந்த வரி மாறுகிறதா என்று பாருங்கள்.

சரி, எதில் வாங்குவது? சாதாரண வாங்கலுக்கு யூபிஐயை மிஞ்ச ஒன்றுமில்லை: கட்டணம் கிடையாது, பணமும் உடனே போய்ச் சேரும். பொதுவாக நாளுக்கு 1 லட்சம் என்ற வரம்பு உண்டு. அதற்கு மேல் நெஃப்ட். 2 லட்சத்திலிருந்து ஆர்டிஜிஎஸ். இரண்டும் இப்போது இரவு பகல் எந்நேரமும் ஓடுகின்றன. பட்டறைக்காரர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஆர்டர் போடும்போது ஜிஎஸ்டி எண்ணைச் சேர்த்து, வரி பில் தரும் விற்பனையாளரிடமே வாங்குங்கள். கிரைண்டருக்குப் போகும் 18 சதவீதம் இன்புட் கிரெடிட்டாகத் திரும்பும். காயினில் கொடுத்து மிச்சம் பிடிக்க நினைப்பதைவிட இது பெரிய தொகை.

டிஜிட்டல் ரூபாயைப் பலர் கிரிப்டோ என்று நினைக்கிறார்கள். ரிசர்வ் வங்கியே வெளியிடும் பணம் அது. சில்லறைச் சோதனை 2022 டிசம்பர் 1இல் தொடங்கியது. யூபிஐ க்யூஆரையே ஸ்கேன் செய்து கொடுக்கலாம், 30 சதவீத வரிப் பேச்சும் இல்லை. வாலட்டில் கிடக்கும் பணத்துக்கு வட்டி வராது. யூபிஐ கையில் இருப்பவருக்கு இதனால் கூடுதலாக என்ன கிடைக்கிறது என்றால், இப்போதைக்குப் பெரிதாக ஒன்றுமில்லை.

காயினை விற்று ரூபாயாக்கித்தான் வாங்கியாக வேண்டுமென்றால், எங்கே விற்பது என்பதில்தான் கவனம் வேண்டும். டெலிகிராமில் ‘கூடுதல் ரேட்’ என்று கூப்பிடும் ஆளிடம் போகாதீர்கள். அவர் அனுப்பும் பணம் வேறெங்கோ மோசடியில் பறித்ததாக இருந்தால், ஏதோ ஒரு மாநில சைபர் போலீஸ் கடிதத்தில் உங்கள் கணக்கு முடங்கும். சம்பளம் விழும் கணக்காக இருந்தால் கேட்கவே வேண்டாம். நிதி உளவுப் பிரிவான எஃப்ஐயூவில் பதிவான எக்ஸ்சேஞ்சில் விற்றால் டிடிஎஸ் உங்கள் பான் கணக்கில் ஏறும், ரிட்டர்னில் கழித்துக்கொள்ளலாம்.

விற்க முடிவெடுத்த பின் அங்கேயே போட்டு வைப்பதும் சரியல்ல. 2024 ஜூலையில் வாசிர்எக்ஸ் எக்ஸ்சேஞ்சில் சுமார் 23 கோடி டாலர் திருட்டுப் போனது. பயனாளர்கள் பணத்தை எடுக்க முடியாமல் மாதக்கணக்கில் தவித்தார்கள். அவர்களில் சென்னையைச் சேர்ந்த ஒருவர் தொடுத்த வழக்கில், கிரிப்டோவும் சொத்துதான் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2025 அக்டோபரில் சொன்னது. வைத்திருப்பவருக்குத் தெம்பு தரும் தீர்ப்புதான். ஆனாலும் அதைக் காயினில் பொருள் வாங்கக் கிடைத்த அனுமதியாகப் படிக்கக் கூடாது.

வெளிநாட்டுக்கு விற்பவர் கதை வேறு. காஸ்டிங்கோ போல்ட் நட்டோ கேட்கும் துபாய்க்காரர், “யூஎஸ்டிடி போடட்டுமா, இப்பவே வந்துடும்” என்று வாட்ஸ்அப்பில் கேட்கலாம். ஆசை காட்டும் வழிதான், ஒத்துக்கொள்ளாதீர்கள். ஏற்றுமதிப் பணம் வங்கி வழியே வந்தால்தான் டிஜிஎஃப்டி தளத்தில் ஈ-பிஆர்சி என்ற பணவரவுச் சான்று எடுக்க முடியும். காயினில் வாங்கினால் அந்த ஷிப்பிங் பில் வங்கிக் கணக்கில் முடியாமலே நிற்கும், ஏற்கெனவே வாங்கிய ஜிஎஸ்டி ரீஃபண்டையும் திரும்பக் கேட்பார்கள். வங்கி வழி வரும் டாலர் இரண்டு மூன்று நாள் தாமதமானாலும் அதையே கேளுங்கள். சாம்பிளுக்கு வரும் சின்னத் தொகைக்குப் பேபால் போதும். 2021 ஏப்ரலில் உள்நாட்டுச் சேவையை அது நிறுத்திவிட்டாலும் வெளிநாட்டுப் பணம் அதில் இன்னும் வருகிறது.