ஔஷத தானமும் அதன் விதியும்

நால்வகைத் தானங்களுள் ஔஷத தானமும் ஒன்று என்பதை நாம் இளமை முதலே கற்று வருகிறோம். அதனாலேயே, வீட்டில் எஞ்சிய மாத்திரையை அயலாரின் நோய்க்கு எடுத்துக் கொடுப்பதையும் புண்ணியமெனக் கருதிவிடுகிறோம். அது தானமாகுமா என்று ஆராய்வோம்.

கொடுக்கும் முறை, கொடுக்கும் பொருள், கொடுப்பவர், பெறுபவர் ஆகிய நான்கினாலும் தானத்தின் பயன் வேறுபடும் என்பது உமாசுவாமி ஆசாரியரின் தத்துவார்த்த சூத்திரம், 7ஆம் அத்தியாயம் உணர்த்தும் கருத்து. இந்நான்கையும் நம் கொங்கு நாட்டு நிகழ்ச்சி ஒன்றில் பொருத்திக் காண்போம்.

குண்டடம் போன்ற ஊர்களின் பல குடும்பங்களுக்குப் பின்னலாடைத் தொழிலே சோறிடுகிறது. தமிழ்நாட்டு ஆடைத் தொழிலில் உள்ள சுமார் 100 பெண்களிடம் தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளை செய்தியாளர்கள் கேட்டறிந்தவை 2019இல் வெளியாயின. மாதவிடாய் வலிக்குப் பணியிடத்தில் பெயரற்ற மாத்திரைகள் தரப்பட்டதாக அனைவரும் கூறினர். தம் உடல்நலம் கெட்டதாகப் பாதிக்கு மேற்பட்டோர் கூறினர்.

இங்கே மருத்துவர் பார்க்கவில்லை, முறை தவறியது. உறையும் பெயரும் இல்லை, பொருள் தவறியது. கொடுத்தவர் அறியார். பெற்றவருக்கு வயிற்றுப் புண்ணோ, சிறுநீரகக் கோளாறோ, ஆஸ்துமாவோ உண்டா என்று வினவுவாரும் இல்லை. இப்யூபுரூஃபன் போன்ற வலிநீக்கிகள் அந்நோய்களை மிகுவிக்கக் கூடியவை.

நம் இல்லங்களில் நிகழ்வதும் இதுவே. ஒருவருடைய நீரிழிவு மாத்திரை மற்றொருவரின் இரத்தச் சர்க்கரையை அளவுக்கு மீறித் தாழ்த்தி மயங்கி விழச் செய்யலாம். பென்சிலின் ஒவ்வாதவர்க்கு ஒரு வேளை மருந்தே உயிர்க்கு இறுதியாகலாம். எஞ்சிய நுண்ணுயிர்க்கொல்லிகளை அரைகுறையாக உண்பதால், அம்மருந்துக்கு அடங்காத கிருமிகள் பெருகுகின்றன. இத்தகைய மருந்துகளை மருத்துவர் சீட்டின்றி உண்ணலாகாது என்பதை உணர்த்தவே, அட்டையிலுள்ள சிவப்புக் கோட்டைப் பற்றி மத்திய அரசு 2016 முதல் மக்களுக்கு அறிவுறுத்தியது.

ஹிம்சைக்குப் பகைமை மட்டுமே காரணமன்று. பிரமாதம் என்னும் கவனமின்மையும் காரணமாகும். கருணையால் கொடுத்தோம் என்பது பிரமாதத்தைப் போக்காது.

ஆயின் நோயாளியைக் கைவிடுவதா? இல்லை. ஒரு நாள் கூலி போய்விடுமே என்று அஞ்சித்தான் பல தொழிலாளர்கள் மருத்துவரிடம் செல்லாது பக்கத்து வீட்டு மாத்திரையை நாடுகின்றனர். அவரை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துச் செல்வோம். இழந்த கூலியை ஈடுசெய்வோம். அவர் பெயரில் எழுதிய சீட்டுக்கு மருந்து வாங்கித் தருவோம். முறையும் பொருளும் பொருந்திய ஔஷத தானம் இதுவே. இல்லத்திலுள்ள பழைய மாத்திரைப் பெட்டியை இன்றே திறந்து பார்ப்போமாக.