பழைய ஃபர்னிச்சர் + சாக் பெயிண்ட்: உண்மையிலேயே காசு மிச்சமா? கணக்குப் போட்டுப் பார்க்கலாம் வாங்க

வாடகை வீடு மாறும்போது முதல்ல எகிறுற செலவு ஃபர்னிச்சர்தான். கடைக்குப் போனா "ஈஎம்ஐ போட்டுக்கலாம் சார்"னு சொல்லிடுவாங்க. 40,000 ரூபாய்க்குக் கட்டிலும் பீரோவும் 16% வட்டியில் 24 மாதக் கடனில் எடுத்தால், மாதம் சுமார் 1,959 ரூபாய் கட்டணும். முடியும்போது மொத்தம் சுமார் 47,000. அதாவது 7,000 ரூபாய் வட்டிக்கே போயிடுது. "ஜீரோ பர்சென்ட்" என்று சொன்னாலும் நம்பிடாதீங்க. வட்டியே இல்லாத கடன் என்று ஒன்று கிடையாது என்று ரிசர்வ் வங்கியே 2013 செப்டம்பரில் வங்கிகளுக்கு எழுதியிருக்கு. அந்தக் காசு பிராசசிங் ஃபீஸிலோ, கிடைக்காமல் போன தள்ளுபடியிலோ ஒளிஞ்சிருக்கும்.

மாற்று வழி: செகண்ட் ஹேண்டில் வாங்கி, நாமே பெயிண்ட் அடிப்பது. ஆனா எல்லா நேரமும் இது லாபம் இல்லை. எப்போ லாபம், எப்போ நஷ்டம் என்பதுதான் இன்றைய பாடம்.

சாக் பெயிண்ட் என்றால் என்ன?

இங்கிலாந்தைச் சேர்ந்த ஆனி ஸ்லோன் 1990-ல் உருவாக்கியது இது. காய்ந்ததும் சாக்பீஸ் மாதிரி பளபளப்பு இல்லாமல் இருக்கும். பழைய வார்னிஷை முழுசா சுரண்டாமல், பிரைமர் இல்லாமல் பெரும்பாலான பரப்புகளில் பிடிக்கும். புதுசா கத்துக்கிறவங்களுக்கு இதுதான் வசதி.

ரெடிமேட் டப்பா விலை அதிகமாகத் தெரிந்தால் வீட்டிலேயே கலக்கலாம். சாதாரண வாட்டர் பேஸ் எமல்ஷன் 3 பங்கு, சாக் பவுடர் (கால்சியம் கார்பனேட்) 1 பங்கு. பவுடரை முதலில் கொஞ்சம் தண்ணீரில் கட்டி இல்லாமல் கரைத்து, பிறகு பெயிண்டில் சேருங்க. ஒரு எச்சரிக்கை: வெற்றிலைக்குப் போடுற சுண்ணாம்பு வேற. அது காரத்தன்மை உள்ளது, கை புண்ணாகும். அதைப் போடாதீங்க.

எங்கே தேடலாம்?

ஆவடி பக்கம் இருக்கிறவங்களுக்கு ஒரு அனுகூலம். டேங்க் ஃபேக்டரி, ஓசிஎஃப், சிஆர்பிஎஃப், ஏர்ஃபோர்ஸ் என்று மத்திய அரசு ஊழியர்கள் நிறைய. ட்ரான்ஸ்ஃபர் வந்தால் எல்லாத்தையும் தூக்கிட்டுப் போக முடியாது. பள்ளிக்கூடம் முடியும் ஏப்ரல், மே மாதங்களில் விற்பார்கள். அம்பத்தூர், முகப்பேர் அபார்ட்மெண்ட் வாட்ஸ்அப் குரூப்களிலும் மாதக் கடைசியில் பாருங்க.

ஆனா இதையே வைத்து மோசடியும் நடக்குது. "நான் ஆர்மி, ட்ரான்ஸ்ஃபர் ஆயிட்டேன், பொருளை அனுப்பிடுறேன், முன்பணம் மட்டும் போடுங்க"ன்னு மெசேஜ் வரும். நீங்க விற்கிறவரா இருந்தால், "பணம் அனுப்புறேன், இந்த க்யூஆர் ஸ்கேன் பண்ணுங்க"ம்பாங்க. மனசுல பதிய வையுங்க: யூபிஐயில் பணம் வாங்க பின் நம்பர் தேவையே இல்லை. பொருளை நேரில் தொட்டுப் பார்க்காமல் ஒரு ரூபாய் கூட அனுப்பாதீங்க. ஏமாந்துட்டா தாமதிக்காமல் 1930-க்கு போன் பண்ணுங்க.

வாங்கும் முன் 4 சோதனை

1. தண்ணீர்: 2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் சென்னையில் எத்தனையோ வீடுகளுக்குள் தண்ணீர் வந்தது. கால் பக்கம் உப்பி, ஓரம் பிரிந்த பார்ட்டிகிள் போர்டு என்றால் வேணாம். உப்பியது திரும்பச் சுருங்காது, பெயிண்ட் அதை மறைக்காது.
2. உளு, கரையான்: குண்டூசித் துளைகளும் கீழே மாவு மாதிரி தூளும் இருந்தால் திரும்பி வந்துடுங்க.
3. மூட்டைப்பூச்சி: கட்டில் இடுக்குகளில் கரும்புள்ளி இருக்கா என்று போன் டார்ச் அடித்துப் பாருங்க.
4. பழைய பெயிண்ட்: வீட்டு பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்-க்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2016-ல் வந்து, 2017 நவம்பர் முதல் அமலானது. அதற்கு முன் எனாமல் அடித்த பொருளில் ஈயம் இருக்கலாம். அதை உலர்வாகத் தேய்க்காதீங்க. தண்ணீர் தொட்டு எமரி பேப்பரால் தேய்த்து, ஈரத்துணியால் துடைங்க. குழந்தைகளும் கர்ப்பிணிகளும் பக்கத்தில் இருக்கக் கூடாது. பெயிண்ட் உரிந்து வரும் பழைய தொட்டில், குழந்தைக் கட்டில் என்றால் வாங்கவே வேணாம். அங்கே மிச்சம் பிடிப்பது லாபம் இல்லை.

தேக்கு என்றால் நில்லுங்க!

நான் செய்த தப்பைச் சொல்றேன். ஒரு பழைய தேக்கு அலமாரிக்கு நேரடியா வெள்ளை அடித்தேன். மறுநாள் காலையில் பழுப்புத் திட்டுத் திட்டா கறை. மேலே இன்னொரு கோட், அதற்கு மேல் இன்னொரு கோட். கறை மட்டும் போகலை. மரத்தில் இருக்கும் டானின், பெயிண்டின் தண்ணீரில் கரைந்து மேலே ஏறி வருது. அடியில் ஸ்பிரிட்டில் கரைத்த ஷெல்லாக் (அரக்கு) ஒரு கோட் அடித்திருந்தால் தடுத்திருக்கும்.

அதைவிட பெரிய நஷ்டம் வேற. நல்ல தேக்குக்கு மதிப்பே அந்த மர ரேகைதான். பெயிண்ட் அடிச்சா விற்கும்போது விலை இறங்கும். அதனால் தேக்கு, ரோஸ்வுட் என்றால் சுத்தம் பண்ணி பாலிஷ் மட்டும் போடுங்க. சாக் பெயிண்ட் சாதாரண மரத்துக்கும், கறையேறி அசிங்கமாகிவிட்ட பொருளுக்கும்தான்.

கணக்கு

ஒரு ஸ்டடி டேபிளை உதாரணமா எடுப்போம். இவை மாதிரி விலைகள்தான். உங்க ஏரியா விலையைப் போட்டுக்கோங்க.

- டேபிள்: ரூ. 2,000
- குட்டி யானை வாடகை: ரூ. 700
- பெயிண்ட் அரை லிட்டர்: ரூ. 700
- ஷெல்லாக்: ரூ. 150
- கிளியர் கோட்: ரூ. 300
- பிரஷ், எமரி, புது கைப்பிடி: ரூ. 350
- மொத்தம்: ரூ. 4,200

ஆனி ஸ்லோன் பெயிண்ட் ஒரு லிட்டர் சுமார் 140 சதுர அடிக்கு வரும். 25 சதுர அடி டேபிளுக்கு இரண்டு கோட் என்றால் 50 சதுர அடி. அரை லிட்டர் தாராளம்.

இதே அளவு புது டேபிள் 7,500 என்றால் மிச்சம் 3,300. உங்க உழைப்பு 10 மணி நேரம் என்றால், மணிக்கு 330 ரூபாய் சம்பாதித்த மாதிரி. ஆனா புது டேபிளே 4,500-க்கு கிடைத்தால்? மிச்சம் 300, மணிக்கு 30 ரூபாய். பொழுதுபோக்குக்கு செய்யலாம், சேமிப்புன்னு சொல்லிக்காதீங்க. என் விதி இதுதான்: எல்லாச் செலவும் சேர்த்துப் புதுசோட விலையில் 60 சதவீதத்தைத் தாண்டினால் விட்டுடுவேன்.

செய்முறை

1. சோப்புத் தண்ணீரில் எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்து, நன்றாகக் காய விடுங்க. பெயிண்ட் உரியறதுக்கு முதல் காரணம் இந்தப் பிசுக்குதான்.
2. பளபளப்பான இடங்களை லேசாகத் தேய்ங்க. மரம் கறை விடுமா என்று சந்தேகம் இருந்தால் ஷெல்லாக்.
3. மெல்லிசா இரண்டு கோட். முதல் கோட் முழுசா காய்ந்த பிறகே இரண்டாவது.
4. மேலே பாதுகாப்பு கட்டாயம். வெளிநாட்டு வீடியோக்களில் மெழுகு பூசுவாங்க. சூடான காபி டம்ளர் வைக்கிற டேபிளுக்கு அது தாங்காது, வளையம் விழும். வாட்டர் பேஸ் கிளியர் கோட் இரண்டு முறை அடிங்க.
5. 3 வாரம் பக்குவமா வைத்துக்கொள்ளுங்க. தொட்டால் காய்ந்தது போல இருந்தாலும் உள்ளே முழுசா இறுகியிருக்காது.

ஜனவரி முதல் மார்ச் வரை நம்ம ஊருக்கு நல்ல காலம். ஐப்பசி, கார்த்திகை மழையில் காயாது. கத்திரி வெயிலில் மொட்டை மாடியில் அடித்தால் பிரஷ் ஓடும் முன்பே காய்ந்து கோடு விழும். நிழலில் அடிங்க.

கடைசியா ஒண்ணு. மிச்சம் பிடிச்ச 3,300 ரூபாய் அப்படியே சேவிங்ஸ் அக்கவுண்ட்ல கிடந்தா செலவாயிடும். அன்னைக்கே உங்க அவசர நிதிக்கு மாத்திடுங்க. அப்பதான் அது மிச்சம். பெயிண்ட் அடிக்கிறதை முழுசா வீடியோவில் காட்டியிருக்கேன், பாருங்க.