கையில் ரசீது இருந்தால் வண்டி ஓட்டலாமா?

“லைசென்ஸை வாங்கி வச்சுக்கிட்டாங்க. ஆனா ரசீது கொடுத்துட்டாங்க, அதை வச்சு ஓட்டலாம்.” டீக்கடையில் ஒருவர் இப்படிச் சொன்னால் சுற்றி நிற்பவர்கள் தலையாட்டுவார்கள். 2019க்கு முன்பு அந்தத் தலையாட்டலில் பெரிய தவறில்லை. இன்று அது பாதிதான் உண்மை. மறுபாதி தெரியாமல் வண்டியை எடுப்பவர்களை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 206ஆவது பிரிவில் இரண்டு வகைச் சீட்டுகள் உண்டு. வழக்குப் பதிந்த பிறகு ஓட்டுநர் சம்மனுக்குப் பிடிகொடுக்காமல் நழுவிவிடுவார் என்று போலீஸ் அதிகாரி கருதினால், லைசென்ஸை வாங்கி நீதிமன்றத்துக்கு அனுப்பலாம். அப்போது தரும் தற்காலிக ஒப்புகைச் சீட்டை வைத்து வண்டி ஓட்டலாம். ஆனால் காலமெல்லாம் அல்ல. லைசென்ஸ் திரும்பக் கிடைக்கும் நாள், சீட்டில் எழுதிய தேதி, இரண்டில் எது முந்துகிறதோ அதுவரைதான்.

இன்னொரு சீட்டை 2019ஆம் ஆண்டின் திருத்தம் கொண்டுவந்தது. அதிவேகம், ஆபத்தாக ஓட்டுவது, குடிபோதை, பந்தயம், பைக்கில் மூன்று பேர், ஆம்புலன்சுக்கு வழி விடாதது போன்ற குற்றங்களில் லைசென்ஸ் போய்ச் சேருவது ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு. இதற்கும் ஒப்புகைச் சீட்டு தருவார்கள். ஆனால் லைசென்ஸ் திரும்பக் கைக்கு வரும்வரை இந்தச் சீட்டை வைத்து ஓட்டக்கூடாது என்று சட்டம் வெளிப்படையாகவே சொல்கிறது.

“நான் குடிக்கிறவன் இல்லை, எனக்கு இது வராது” என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஹெல்மெட் போடாததும் இந்தப் பட்டியலில் இருக்கிறது. சிக்னலில் சிவப்பைத் தாண்டுவது, செல்போனைக் கையில் பிடித்தபடி ஓட்டுவது, ராங் சைடில் வருவது ஆகியவற்றையும் ‘ஆபத்தாக ஓட்டுதல்’ என்ற 184ஆவது பிரிவு தனக்குள் சேர்த்துக்கொள்கிறது. அன்றாடம் செய்யும் தவறுகளே ஓட்டத் தடையுள்ள சீட்டைக் கொண்டுவந்துவிடும். இரண்டு சீட்டுகளுக்கும் பெயர் ஒன்றாக இருப்பது பெரிய கோளாறு. ‘இதை வைத்து ஓட்டக்கூடாது’ என்று இரண்டாவது சீட்டில் கொட்டை எழுத்தில் தமிழில் அச்சிட்டால் எத்தனையோ பேர் தப்பிப்பார்கள். அதுவரை, சீட்டு கைக்கு வந்ததும் எந்தப் பிரிவு, எந்தத் தேதி என்று அங்கேயே நின்று படித்துவிடுங்கள். புரியாவிட்டால் கொடுத்தவரிடமே கேளுங்கள்.

அபராதம் கட்டினால் கதை முடிந்தது என்பதும் தவறான நம்பிக்கைதான். சலான் வேறு, லைசென்ஸ் மீதான நடவடிக்கை வேறு. முதல் தடவை என்றால் மூன்று மாதத் தடை, மறுபடியும் சிக்கினால் லைசென்ஸே ரத்து என்பது 19ஆவது பிரிவு. அந்தத் தடைக்காலத்தில் ஓட்டிப் பிடிபட்டால் 10,000 ரூபாய் அபராதமோ, மூன்று மாதம் வரை சிறையோ, இரண்டுமோ. விபத்து நடந்துவிட்டால் இன்சூரன்ஸ் நிறுவனம் கையை விரிக்கவும் அது காரணமாகிவிடும்.

போனில் டிஜிலாக்கரைக் காட்டினால் பறிமுதல் செய்ய ஒன்றுமில்லை என்றும் நினைக்கிறார்கள். அட்டையைக் கையில் வாங்காமலே விவரத்தைக் கணினியில் பதிந்துவிட முடியும்.

எதிர்ப்பக்கத்திலும் ஒரு தவறான பயம் இருக்கிறது: போலீஸ்காரர் நினைத்தால் ரோட்டிலேயே லைசென்ஸை ரத்து செய்துவிடலாம் என்பது. 19ஆவது பிரிவில் அந்த முடிவு லைசென்ஸ் வழங்கும் அதிகாரியின் கையில்தான் இருக்கிறது. அவரும் உங்கள் தரப்பைச் சொல்ல வாய்ப்புத் தந்து, காரணங்களை எழுத்தில் பதிந்த பிறகே உத்தரவு போட முடியும். உணவு டெலிவரி செய்கிறவருக்கும் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவருக்கும் மூன்று மாதம் என்பது வீட்டு வாடகை, பிள்ளையின் பள்ளிக் கட்டணம். ஆகவே ஆர்.டி.ஓ. அலுவலகத்திலிருந்து வரும் நோட்டீசைப் பிரிக்காமல் போட்டுவிடாதீர்கள். உத்தரவு கிடைத்த 30 நாட்களுக்குள் மேல்முறையீடும் செய்யலாம்.

முதல் வகைச் சீட்டு வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வழி உண்டு. உங்கள் தவறு எதுவும் இல்லாமல் லைசென்ஸ் திரும்ப வரத் தாமதமானால், சீட்டின் தேதியை நீட்டித்துத் தரும்படி மாஜிஸ்திரேட்டிடமோ போலீஸ் அதிகாரியிடமோ மனு கொடுக்கலாம். தேதி முடிவதற்குள் கொடுத்துவிடுங்கள்.