பாராட்டு விழாவுக்கு ஒரு வரி போதும், அதை எழுதுவதுதான் பாடு

ஹாலுக்கு முன்பணம், அழைப்பிதழ், சாப்பாடு, மைக் செட் எல்லாவற்றையும் நம் ஆட்கள் கண்ணை மூடிக்கொண்டு செய்துவிடுவார்கள். கல்யாணம் நடத்திப் பழகிய கூட்டம். பள்ளிக்கூடப் பாராட்டு விழா கவிழ்வது பெயர்ப் பட்டியலில்தான். யாரைக் கூப்பிடுவது, என்ன சொல்லிக் கூப்பிடுவது என்ற இரண்டையும் கடைசி நாள் வரை தள்ளிப்போட்டுவிட்டு, விழாவன்று காலையில் ஒரு தாளில் கிறுக்கித் தொகுப்பாளர் கையில் திணிக்கிறார்கள். பெங்களூரில் ஒரு பள்ளி தனியாகவோ, ஒரு கிளஸ்டரிலுள்ள பள்ளிகள் சேர்ந்தோ, தமிழ் அமைப்பு ஒன்று வட்டாரப் பிள்ளைகளை அழைத்தோ விழா எடுப்பதாக இருந்தால், உழைப்பில் பெரும்பங்கு இந்தப் பட்டியலுக்குப் போகட்டும்.

முதலில் தேதி. எஸ்.எஸ்.எல்.சி. முடிவு மே மாதத்தில் வந்ததும் சூட்டோடு சூடாக விழா வைக்கத் தோன்றும். வைக்காதீர்கள். 2023-24 கல்வியாண்டு முதல் கர்நாடகத்தில் ஒரே ஆண்டில் ஒன்றுக்கு மேற்பட்ட தேர்வுகள். பிந்தைய தேர்வுகளில் தேறும் பிள்ளைகள் மே விழாவில் இருக்கவே மாட்டார்கள். மறுமதிப்பீட்டில் மதிப்பெண் ஏறி, மேடையில் 'பள்ளியில் முதலிடம்' என்று நிறுத்தியவர் இரண்டாம் இடத்துக்குப் போவதும் உண்டு. ஆகஸ்ட் கடைசிச் சனிக்கிழமை எனக்குப் பிடித்த நாள். செப்டம்பர் 5 வேண்டாம். அன்று ஆசிரியர் தினம், கல்வித் துறை நடத்தும் விழாவுக்கு ஆசிரியர்கள் போயாக வேண்டும், உங்கள் நாற்காலிகள் காலியாகக் கிடக்கும். பள்ளிப் பிள்ளைகளுக்கான பிரதிபா காரஞ்சிக் கலைப் போட்டி அதே நாளில் விழுகிறதா என்று கிளஸ்டரின் வள நபரான சி.ஆர்.பி.யிடம் ஒரு போன் போட்டுக் கேட்டுக்கொள்ளுங்கள். காலை பத்து மணிக்குத் தொடங்குங்கள். அந்த மாதங்களில் பெங்களூர் மழை மாலையில் வரும். பந்தல் போட்டவர்களைக் கேளுங்கள், சொல்வார்கள்.

யாரைக் கூப்பிடுவது

மதிப்பெண்ணை மட்டும் வைத்துப் பட்டியல் போட்டால் வேலை அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். ஆறாம் வகுப்பிலிருந்து மேடையேறி வரும் அதே மூன்று முகங்கள்தான் மறுபடியும் வரும். 625க்கு 625 வாங்கிய பிள்ளை இருந்தால் தாராளமாகக் கூப்பிடுங்கள். ஆனால் பொதுத்தேர்வில் மாநில முதலிடம் அறிவிக்கும் வழக்கத்தைத் தமிழ்நாடு 2017லேயே விட்டுவிட்டது, சி.பி.எஸ்.இ.யும் தகுதிப் பட்டியலைக் கைவிட்டது. அரசே விட்டதை நாம் எதற்குத் தூக்கிச் சுமக்க வேண்டும்? மதிப்பெண்ணுக்காக மேடையேறுபவர்கள் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பது என் கணக்கு. மிச்சம் பிரதிபா காரஞ்சி, விளையாட்டு, ஒரு நாள்கூட விடுப்பு எடுக்காதவர், தம்பியைக் கூட்டிவந்து வகுப்பில் விட்டுவிட்டுத் தன் வகுப்புக்கு ஓடுபவர் என்று போகட்டும்.

இங்கே இரண்டு தடைகளைக் கறாராக வையுங்கள். அப்பாவின் கூலி வேலை, அம்மாவின் நோய், வீட்டு வாடகை ஆகியவை மைக்குக்கு வரவே கூடாது. 'ஏழ்மையிலும்' என்று ஆரம்பிக்கும் வாக்கியத்தைக் கேட்டுச் சபை உச்சுக்கொட்டும், பிள்ளை தரையைப் பார்க்கும். அடுத்து, பிந்தைய தேர்வில் தேறியவரை அழைக்கும்போது முந்தைய தேர்வைப் பற்றிச் சொல்லலாமா என்று அவரையே கேளுங்கள். சிலர் பெருமையாகச் சொல்லச் சொல்வார்கள், சிலர் முகம் கொடுக்க மாட்டார்கள். அவர்கள் விருப்பம்தான் முடிவு.

ஊழியர் பக்கம் இன்னும் சிக்கல். 'சிறந்த ஆசிரியர்' என்ற பட்டமே வேண்டாம். அதற்கு மாநில விருது இருக்கிறது, 1958லிருந்து தேசிய விருதும் இருக்கிறது. முப்பது பேர் ஒரே ஸ்டாஃப் ரூமில் டிபன் பாக்ஸ் திறக்கும் இடத்தில் ஒருவரைச் சிறந்தவர் என்றால் மற்ற இருபத்தொன்பது பேர் யார்? ஓட்டுப் போட்டும் தேர்ந்தெடுக்காதீர்கள், ஓட்டு என்றால் கோஷ்டி வந்துவிடும். ஒரு குறிப்பிட்ட வேலைக்காகப் பாராட்டுங்கள். அட்சர தாசோக (மதிய உணவு) சமையல்காரர், ஆயா, அதிதி (தற்காலிக) ஆசிரியர், வேன் ஓட்டுநர், காவலாளி எல்லோரையும் ஆசிரியர்களோடு கலந்தே அழையுங்கள். 'ஆசிரியர் அல்லாதோர்' என்று கடைசியில் ஒரு மூட்டையாகக் கட்டினால் அதைவிட அழைக்காமல் இருப்பது மரியாதை. அரசுப் பள்ளி ஊழியர் என்றால் நடத்தை விதிகள் உண்டு, பரிசு வாங்குவதற்கும் பாராட்டுக் கூட்டத்துக்கும் கட்டுப்பாடு இருக்கிறது. வட்டாரக் கல்வி அலுவலரின் (பி.இ.ஓ.) அலுவலகத்தில் முன்கூட்டியே எழுத்தில் அனுமதி வாங்கிவிடுங்கள், பணமாக எதுவும் கொடுக்காதீர்கள்.

அந்த ஒரு வரி

ஒவ்வொருவருக்கும் ஒரே ஒரு வாக்கியம். அதில் இரண்டு கேள்விக்குப் பதில் இருக்க வேண்டும்: என்ன செய்தார், அதனால் யாருக்கு என்ன ஆயிற்று. ஒரே மூச்சில் படித்து முடிக்க வேண்டும். சொல்வதற்கு எளிது, எழுதச் சொன்னால் எல்லோரும் 'அயராத உழைப்பு', 'தன்னலமற்ற சேவை', 'அர்ப்பணிப்பு உணர்வு' என்று கொட்டுவார்கள். இந்த மூன்றையும் கண்ட இடத்தில் அடித்துவிடுங்கள். பெயரை மாற்றி அடுத்தவருக்கும் படிக்க முடிந்தால் அந்த வரி செல்லாது.

'அர்ப்பணிப்புடன் பணியாற்றும் அறிவியல் ஆசிரியை' என்று வந்த வரியைத் திருப்பி அனுப்பி, விடாமல் கேட்டால் இப்படி ஒன்று வரும்: 'ஆய்வுக்கூடம் இல்லாத பள்ளியில் மஞ்சள் தூள், எலுமிச்சை, சோப்புத் தண்ணீர் இவற்றை வைத்தே அமிலமும் காரமும் நடத்தியவர், அந்த வகுப்புப் பிள்ளைகள் வீட்டுச் சமையலறையில் இன்னும் அதைச் செய்துகாட்டுகிறார்கள்.' சமையல்காரருக்கு: 'முட்டை சாப்பிடாத பிள்ளைகள் யார் யார் என்று பட்டியல் பார்க்காமலே தெரிந்து, அவர்களுக்கு வாழைப்பழத்தைத் தனியே எடுத்து வைப்பவர்.' மாணவிக்கு: 'ஐந்தாம் வகுப்பில் ஓசூரிலிருந்து வந்தபோது கன்னட எழுத்து தெரியாது, எட்டாம் வகுப்பில் கன்னடப் பேச்சுப் போட்டியில் பள்ளிக்காக நின்றார்.'

இந்த விவரம் படிவம் கொடுத்தால் கிடைக்காது. படிவத்தைக் கண்டதும் எல்லோருக்கும் அலுவலகத் தமிழும் அலுவலகக் கன்னடமும் வந்துவிடும். போனில் கேளுங்கள், இல்லை டீ நேரத்தில் பக்கத்தில் போய் உட்காருங்கள். 'அவரைப் பற்றிச் சொல்லுங்கள்' என்று கேட்காதீர்கள், 'ரொம்ப நல்லவர்' என்று பதில் வரும். 'அவர் லீவு போட்ட அன்னைக்கு இங்கே எது நின்னுபோச்சு?' என்று கேளுங்கள். ஒரு நிமிடத்தில் கொட்டிவிடும். மணி அடிக்கவில்லை, ஒன்றாம் வகுப்பில் யாரும் அழுகையை நிறுத்தவில்லை, ஸ்காலர்ஷிப் விண்ணப்பம் தேங்கியது என்று வரிசையாக வரும். அதில் உங்கள் வரி இருக்கிறது. மாணவரைப் பற்றி வகுப்பாசிரியரைவிட பி.டி. மாஸ்டரிடமும், அதே பெஞ்சில் உட்காரும் பிள்ளையிடமும் கேட்பது மேல்.

எழுதியதை உரியவரிடம் ஒரு முறை காட்டிவிடுங்கள். பிள்ளை என்றால் பெற்றோரிடமும். ஆச்சரியம் கெட்டுவிடும் என்பார்கள், கெடட்டும். தப்பான விவரத்தை முந்நூறு பேர் முன்னால் கேட்பதைவிட அது நல்லது. அதே கையோடு படம் எடுக்கவும் வாட்ஸ்அப்பில் போடவும் பெற்றோரின் சம்மதத்தை ஒரு தாளில் வாங்குங்கள். 2023இல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பதினெட்டு வயதுக்குக் கீழ் உள்ளவர் விஷயத்தில் பெற்றோர் சம்மதத்தைக் கேட்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் கேட்க வேண்டியதுதான்.

எந்த மொழியில் படிப்பது? ஒவ்வொரு வரியையும் கன்னடத்திலும் தமிழிலும் இரு முறை படித்தால் சபை கலைந்துவிடும். அந்த வீட்டில் எந்த மொழி பேசுகிறார்களோ அதில் படியுங்கள், உருதுவோ தெலுங்கோ ஆனாலும் சரி. இன்னொரு மொழியில் அச்சடித்த தாள் எல்லோர் கையிலும் இருக்கட்டும். வரவேற்பும் நன்றியும் கன்னடத்தில் இருக்க வேண்டும், இதில் எனக்கு மறுபேச்சு கிடையாது.

பெயரைச் சொல்லும் விதம்

சான்றிதழில் சேர்க்கைப் பதிவேட்டிலும் அரசின் மாணவர் தரவுத் தளமான எஸ்.ஏ.டி.எஸ்.ஸிலும் உள்ளபடி, ஒரு எழுத்து மாறாமல். மேடையில் வீட்டில் கூப்பிடுகிற உச்சரிப்பில். இரண்டும் வேறு வேலை, குழப்பிக்கொள்ளாதீர்கள். யாழினி, கயல்விழி, எழிலரசி ஆகியோரை ஆங்கில எழுத்திலிருந்து படிக்கும் கன்னடத் தொகுப்பாளர் பாவம் என்ன செய்வார்? அதேபோல் தமிழ் எழுத்தில் 'பாக்யா' என்று எழுதிக் கொடுத்தால் நம் ஆள் அந்தக் கன்னடப் பிள்ளையின் பெயரை மூச்சொலி இல்லாமல் தட்டையாக்கிவிடுவார். குறுக்குவழி ஒன்று உண்டு. ஒவ்வொருவரையும் தன் பெயரைத் தானே சொல்லச் சொல்லி போனில் பதிவு செய்து, முதல் நாள் இரவு தொகுப்பாளரைக் கேட்க வையுங்கள். மொத்தமே ஐந்து நிமிடம். இனிஷியலைப் பெயருக்கு முன் போடுவதா பின் போடுவதா என்ற சண்டையும் இதில் தீர்ந்துவிடும்.

மேடை

கணக்கு போடுங்கள். நாற்பது பேர், ஆளுக்கு முக்கால் நிமிடம், அரை மணி. கர்நாடக மாநிலப் பாடலான நாடகீதைக்கு அரசே 2022இல் இரண்டரை நிமிடம் என்று வரையறுத்திருக்கிறது, முழுமையாகப் பாடினாலும் காலம் போகாது. காலம் போவது உரைகளில். தலைமை உரை, வாழ்த்துரை, சிறப்புரை என்று எட்டுப் பேரைப் போட்டுவிட்டுப் பரிசளிப்பைக் கடைசியில் வைப்பவர்களை நான் மன்னிப்பதில்லை. பரிசளிப்பு முதலில். சிறப்பு விருந்தினர் சில்க் போர்டு சிக்னலில் மாட்டிக்கொண்டாலும் காத்திருக்காமல் தொடங்குங்கள். முதல் பத்துப் பேருக்குக் கொடுக்க ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியரை முன்பே அழைத்து வைத்திருந்தால் யார் வந்தாலும் வராவிட்டாலும் கவலையில்லை. தண்டு (கன்டோன்மென்ட்) பகுதியில் ஆர்க்காடு நாராயணசாமி முதலியார் 1873இல் தொடங்கிய பள்ளிகளைப் போன்ற பழைய இடங்களில் பாடம் எடுத்தவர்கள் அல்சூரிலும் சிவாஜிநகரிலும் இருக்கிறார்கள். அமைச்சரைவிட நேரத்துக்கு வருவார்கள், பிள்ளையின் பெயரைக் கேட்டுவிட்டு இன்னொரு கேள்வியும் கேட்பார்கள்.

பரிசுகளில் வரிசை எண் ஒட்டுங்கள். ஒன்பதே முக்காலுக்கு வருகையைச் சரிபார்த்து, வராதவர்களின் சான்றிதழை அடுக்கிலிருந்து உருவிவிடுங்கள். அடுத்து ஏறப்போகும் மூவருக்கு மேடையோரம் மூன்று நாற்காலி. படம் எடுக்கும் இடத்தில் தரையில் டேப் ஒட்டுங்கள். அவ்வளவுதான்.

சால்வை, மாலை, பழக்கூடை எல்லாம் விடுங்கள். 2021 ஆகஸ்டில் கர்நாடக அரசே தன் விழாக்களில் இவற்றை நிறுத்தச் சொல்லி, கன்னடப் புத்தகம் கொடுக்கலாம் என்றது. 2023இல் சித்தராமையாவும் பூவும் சால்வையும் வேண்டாம், கொடுப்பதானால் புத்தகம் கொடுங்கள் என்றார். மைசூர்ப் பேட்டா (தலைப்பாகை) ஒன்று விருந்தினருக்கு வைப்பதானால் வையுங்கள், படத்துக்கு நன்றாக இருக்கும். பிள்ளைகளுக்குத் தங்க முலாம் பூசிய பிளாஸ்டிக் கோப்பை வேண்டவே வேண்டாம், தீபாவளிக்குள் உரிந்துவிடும். இங்கேயே பெங்களூரில் இருக்கும் பிரதம் புக்ஸ் கன்னடத்திலும் தமிழிலும் மலிவாகப் புத்தகம் போடுகிறது. முதல் பக்கத்தில் அந்த ஒரு வரியைக் கையால் எழுதிக் கொடுங்கள்.

ஃபிளெக்ஸ் பேனர் வைக்காதீர்கள். 2018இல் உயர் நீதிமன்றம் கண்டித்த பிறகு மாநகராட்சி ஆட்கள் ஃபிளெக்ஸைக் கிழித்தெறிந்த ஊர் இது. துணி பேனர், கன்னடம் மேலே, தமிழ் கீழே. ஒலிபெருக்கி ஹாலுக்குள்ளேயே இருக்கட்டும். பள்ளியைச் சுற்றி நூறு மீட்டர் அமைதி மண்டலம் என்பதைப் பள்ளிக்காரர்களே மறந்துவிடுகிறார்கள்.

வராதவர்களின் சான்றிதழைத் திங்கட்கிழமை காலைப் பிரார்த்தனையில், அதே வரியைப் படித்தே கொடுங்கள். ஆபீஸ் பீரோவுக்குள் போய்விட்டால் அடுத்த வருடம் ஒட்டடை அடிக்கும்போதுதான் அது வெளியே வரும்.