மெயின் ரோடு வேண்டாம், குளத்துக்கரை போதும்!

"வைத்தியரய்யா, இவன் திரும்ப ஓடலாமா?"

போன வருஷம் தை மாசக் கடைசியில் ஒரு தாய் என்னிடம் கேட்டது இது. பையன் பத்தாம் வகுப்பு. பொங்கல் ஓட்டப்பந்தயத்தில் ஓடும்போது பின்னால் வந்த வேனின் கண்ணாடி தோளில் தட்டியிருக்கிறது. ரோட்டோரப் பள்ளத்தில் கால் மடங்கி விழுந்துவிட்டான். எக்ஸ்ரேயில் முறிவு இல்லை. கணுக்கால் சுளுக்கோடு போயிற்று.

"தாராளமா ஓடலாம்மா. ஆனா அந்த ரோட்டுல வேண்டாம்" என்றேன்.

நம் புளியங்குடியின் நடுவில் போவது மதுரை–கொல்லம் தேசிய நெடுஞ்சாலை. எலுமிச்சை லாரியும் கேரளா லாரியும் எப்போதும் உண்டு. பொங்கல் சமயத்திலோ சபரிமலை வண்டிகளும் சேர்ந்துகொள்ளும். மகரஜோதி பார்த்துவிட்டு ராத்திரி முழுக்கக் கண் விழித்த டிரைவர்கள்! தை மாதம் சூரியன் உதிக்கவே ஆறரை மணி தாண்டிவிடும். நாமோ ஐந்தரைக்கே விசில் ஊதி விடுகிறோம். 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி ஒரே நொடியில் சுமார் 17 மீட்டர் ஓடிவிடும். இருட்டில் ஒரு பையனைப் பார்த்து டிரைவர் பிரேக்கில் கால் வைப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும். 2022-ல் மட்டும் நம் நாட்டில் 32,000-க்கும் மேற்பட்ட பாதசாரிகள் சாலை விபத்தில் இறந்திருக்கிறார்கள்.

இன்னொன்றும் உண்டு. ஓடுகிறவன் சாதாரணமாக இருப்பவனைவிடப் பல மடங்கு காற்றை இழுக்கிறான். பிராணனை வளர்க்கப் போய் டீசல் புகையை ஏன் இழுக்க வேண்டும்?

"அப்போ மலைப்பக்கம் ஓடட்டுமா?" என்று உற்சாகமாகக் கேட்டான் பையன். அதுவும் கூடாது. மேற்கே இருப்பது காப்புக்காடு. அனுமதி இல்லாமல் நுழையக்கூடாது. அடிவாரத் தோப்புகளில் யானை இறங்குவதும் நமக்குப் புதிதல்ல. ரோட்டுக்கும் காட்டுக்கும் நடுவில் இருக்கிறதே வயல்காடு, அதுதான் நமக்கு. வண்டிப்பாதை, குளத்துக்கரை, வாய்க்கால் மேடு. கால் மூட்டுக்கும் தாரைவிட மண் இதம்.

பந்தயம் நடத்துகிறவர்கள் முந்தின நாள் பாதையை நடந்தே பார்க்க வேண்டும். தொடக்கமும் முடிவும் நெடுஞ்சாலைக்கு ஒரே பக்கத்தில் இருந்தால் கடக்கிற வேலையே இல்லை. கடந்தே தீரவேண்டும் என்றால் ஒரே இடத்தில், போலீசுக்குச் சொல்லி, பெரியவர்கள் நின்று கடத்திவிடணும். கடைசி அரை மைலில் மட்டும் கடக்க விடாதீர்கள். ஜெயிக்கிற வேகத்தில் பையன்கள் வண்டியைப் பார்க்க மாட்டார்கள். இங்கிலாந்தில் குன்றுகளில் ஓடும் பந்தயங்களில் கிளம்பியவர்களையும் திரும்பியவர்களையும் எண்ணிச் சரிபார்ப்பார்கள். நமக்கும் ஒரு நோட்டும் பென்சிலும் போதுமே!

தினமும் வாக்கிங் போகும் வாசகர்களுக்கும் இதேதான். ரோட்டில் போயே ஆகவேண்டுமென்றால் வலது ஓரமாக, எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி, வெளிர் நிறச் சட்டையில் போங்கள். குளத்துக்கரையில் விடிந்தபிறகு நடங்கள். பூச்சி பொட்டு கிடக்கும்.

மண்பாதையில் கால் பிசகினால்? சித்த வைத்தியனே எண்ணெய் வேண்டாம் என்கிறானே என்று நினைக்காதீர்கள். முதல் இரண்டு நாள் தேய்ப்பதோ நீவுவதோ கூடாது. ஐஸைத் துணியில் சுற்றிக் கால்மணி நேரம் ஒத்தடம், காலைத் தலையணை மேல் உயர்த்தி ஓய்வு. காலை ஊன்றி நாலடி வைக்க முடியவில்லையா, முதலில் எக்ஸ்ரே. தைலமெல்லாம் வீக்கம் வற்றிய பிறகுதான்.