வில்லியை எழுத உட்காருமுன்

ஒரு படத்துக்கு வில்லி எழுதுவது வேறு, வருஷக்கணக்கில் ஓடும் தொடருக்கு எழுதுவது வேறு. தொடரில் அவர் வளர வேண்டும். வளரும்போது நீர்த்துப்போகவும் கூடாது, நல்லவராகிவிடவும் கூடாது. அறிவியல் புனைவில் இதைச் சரியாகச் செய்த தொடர் எது என்று கேட்டால், நான் தயங்காமல் 'ஸ்டார் ட்ரெக்: டீப் ஸ்பேஸ் நைன்' என்பேன். 1993 முதல் 1999 வரை ஏழு சீசன் ஓடிய அந்தத் தொடரில் வின் அடாமி என்று ஒரு மதகுரு வருகிறார்.

அவருடைய கிரகம் பஜோர். கார்டாசியர்களின் பிடியில் அரை நூற்றாண்டு நசுங்கிக் கிடந்து, அப்போதுதான் விடுதலை பெற்றது. அங்குள்ளவர்கள் தீர்க்கதரிசிகள் என்று கும்பிடும் தெய்வங்கள் விண்வெளியில் ஒரு புழுத்துளைக்குள் உண்மையாகவே இருக்கின்றன. ஆனால் அவை பேசுவது பெஞ்சமின் சிஸ்கோவிடம். அவர் பூமியிலிருந்து வந்த ராணுவ அதிகாரி, அந்த மதத்தில் பிறக்காதவர். வாழ்நாள் முழுக்கக் கும்பிட்ட வின்னிடம் அவை ஒரு வார்த்தை பேசவில்லை. வின் செய்கிற அத்தனை பாவமும் இந்த ஒரு புறக்கணிப்பிலிருந்து கிளைக்கிறது. இப்படியொரு பாத்திரத்தை எழுத நினைப்பவர்களுக்காக இந்தப் பட்டியல்.

செய்ய வேண்டியவை

முதல் காட்சியிலேயே அவர் கையில் ஒரு நியாயத்தைக் கொடுங்கள். முதல் சீசனின் கடைசி அத்தியாயத்தில் வின் அறிமுகமாகிறார். விண்வெளி நிலையத்துப் பள்ளியில் கெய்கோ என்ற ஆசிரியை, புழுத்துளையில் இருப்பவை வேற்றுக்கிரக உயிர்கள் என்று பாடம் நடத்துகிறார். வின் எதிர்க்கிறார். நம் தெய்வத்தைப் பற்றி நம் பிள்ளைகளுக்கு வெளியாள் வந்து சொல்லித்தருவதா என்ற கேள்வி, அப்போதுதான் விடுதலையான ஜனங்களிடம் எடுபடாமல் போகுமா? பள்ளிக்கூடத் தகராறே ஒரு தூண்டில், போட்டியாளரான பரைல் என்ற குருவை நிலையத்துக்கு வரவழைத்துக் கொல்வதுதான் திட்டம் என்பது பிறகே தெரிகிறது. தெரிந்த பிறகும் அந்தக் கேள்வி நம்மை விடுவதில்லை.

குரலைத் தாழ்த்துங்கள். வின்னாக நடித்தவர் லூயிஸ் ஃப்ளெட்சர். 1975-இல் வெளியான 'ஒன் ஃப்ளூ ஓவர் தி குக்கூஸ் நெஸ்ட்' படத்தில் நர்ஸ் ராட்செட்டாக நடித்து ஆஸ்கர் வாங்கியவர். அதே மிருதுவான பேச்சைத்தான் இங்கும் கொண்டுவருகிறார். கீரா நெரிஸ் ஆயுதம் ஏந்திப் போராடிய கெரில்லா, இப்போது மேஜர். அவரை வின் "குழந்தாய்" என்றுதான் கூப்பிடுகிறார். அந்த ஒரு சொல்லில் ஆசீர்வாதமும் அவமதிப்பும் சேர்ந்தே விழும். கீராவின் தாடை இறுகுவதைக் கவனித்துப் பாருங்கள்.

ஆசைப்பட்டதைக் கொடுத்துவிடுங்கள். இதைப் பலர் செய்யப் பயப்படுகிறார்கள். வில்லிக்குப் பதவி கிடைத்துவிட்டால் கதை முடிந்துவிடும் என்று நினைக்கிறார்கள். இரண்டாம் சீசன் முடிவதற்குள் வின் தலைமைக் குரு ஆகிவிடுகிறார். முந்தைய குருவின் பெயரைக் காப்பாற்றுவதற்காகப் பரைல் போட்டியிலிருந்து விலக, பதவி இவர் மடியில் விழுகிறது. அதன்பின்தான் அவருடைய உண்மையான பயம் வெளியே வருகிறது. கார்டாசியர்களோடு சமாதானம் பேசுகிறார், நல்ல காரியம்தான். ஆனால் பேச்சின் சூத்திரதாரி பரைல் படுத்த படுக்கையாகிவிட, அவரைச் சாக விடாமல், ஓய்வெடுக்கவும் விடாமல் பிழிகிறார். தான் தனியாகச் செய்து தோற்றுவிட்டால்? அந்த அச்சம்தான். ஒப்பந்தம் கையெழுத்தாகிறது, பரைல் இறந்துபோகிறார், பெயர் வின்னுக்கு.

அவர் பட்ட பாட்டைத் தாமதமாகச் சொல்லுங்கள். அநேகர் தவறவிடும் இடம் இது. ஐந்தாம் சீசன் வரை வின்னின் கடந்த காலம் நமக்குத் தெரியாது. கீராவைப் போலவே நாமும் அவரை, போராட்டத்தில் பங்கில்லாமல் விடுதலையை அனுபவிக்க வந்தவர் என்றே எண்ணியிருப்போம். ஒருநாள் வின், கோபமே இல்லாத குரலில், கீராவிடம் சொல்கிறார்: மதத்தைப் போதித்த குற்றத்துக்காகக் கார்டாசியர்களின் சிறைமுகாமில் ஐந்து வருஷம் இருந்தேன், வாங்கிய ஒவ்வோர் அடியும் நினைவிருக்கிறது, துப்பாக்கி தூக்கியவர்கள் மட்டும்தான் போராடினார்கள் என்று நினைக்காதே. கீராவிடம் பதில் இல்லை. முதல் சீசனிலேயே இதைச் சொல்லியிருந்தால் பரிதாபத்தில் முடிந்திருக்கும். நான்கு வருஷம் அவரை வெறுத்த பிறகு கேட்பதால், நம் வெறுப்பையே நாம் ஒருமுறை சோதித்துப் பார்க்க வேண்டியதாகிறது. அதே சமயம், அந்த அடிகள் எதுவும் பரைலுக்குச் செய்ததை நியாயப்படுத்தவில்லை. எழுத்தாளர்கள் அப்படி ஒரு கணக்குப் போடவே இல்லை.

செய்யக்கூடாதவை

மனம் திறந்து பேசிவிட்டார் என்பதற்காகத் திருத்திவிடாதீர்கள். தொடரின் மிகச் சிறந்த வின் காட்சி கடைசி சீசனில் வருகிறது. தெய்வம் தந்த தரிசனம் என்று தான் நம்பியது, தீய சக்திகளான பா-ரேய்த்கள் காட்டியது என்று தெரிந்து வின் ஆடிப்போகிறார். ஆயுசு முழுக்க மட்டம் தட்டிய கீராவிடமே வழி கேட்டு நிற்கிறார். கீரா இந்த முறை பகையை ஒதுக்கிவிட்டு, உண்மையான பரிவோடு பதில் சொல்கிறார்: மீட்சிக்கு நேரம் இருக்கிறது, ஆனால் உங்களைக் கெடுத்தது அதிகாரம், பதவியை விடுங்கள். வின்னின் முகம் மூடிக்கொள்வது நமக்குத் தெரிகிறது. பஜோருக்கு நான் தேவை என்கிறார். அதைப் பொய்யாகச் சொல்லவில்லை, நம்பித்தான் சொல்கிறார். கதவு திறந்திருந்தது, உள்ளே போக ஒரு விலை இருந்தது, அந்த விலையைக் கொடுக்க அவரால் முடியவில்லை. இதற்கு மேல் எந்த அத்தியாயத்திலும் அவர் எனக்கு இவ்வளவு நெருக்கமாக வந்ததில்லை.

பேய்மேல் பழியைப் போட்டுவிடாதீர்கள். இங்கே தொடரே கொஞ்சம் சறுக்கியது. வேஷம் மாறி வந்த எதிரி துகாத்தோடு உறவு, தடைசெய்யப்பட்ட நூல், குகையில் நெருப்பு என்று கடைசி அத்தியாயங்கள் மாந்திரீகப் பக்கம் அதிகம் சாய்கின்றன. ஆனாலும் ஒரு காட்சி தப்பிப் பிழைக்கிறது. துகாத்தின் வேஷத்தை உதவியாளர் சோல்போர் கண்டுபிடித்து அம்பலப்படுத்த முனையும்போது, வின் அவரைக் கத்தியால் குத்துகிறார். ரத்தம் நூலின் வெற்றுப் பக்கத்தில் சொட்ட, எழுத்துகள் எழும்புகின்றன. எந்த ஆவியும் அவர் உடம்பில் புகுந்திருக்கவில்லை. கத்தியைப் பிடித்த கை அவருடையதே.

பெண் என்பதால் காதல் தோல்வி, பிள்ளை ஏக்கம் என்று காரணம் தேடாதீர்கள். வின்னுக்கு வேண்டியது அதிகாரமும் தெய்வத்தின் குரலும். ஓர் ஆணுக்கு எழுதியிருந்தால் இவை போதும் என்றுதானே விட்டிருப்பீர்கள்?

கடைசி நிமிட நல்ல காரியத்தை எல்லாவற்றுக்கும் ஈடாக்காதீர்கள். 1999 ஜூனில் வந்த இறுதி அத்தியாயத்தில், ஏமாந்துபோன வின், அந்த நூல்தான் வழி என்று சிஸ்கோவுக்குக் காட்டிக்கொடுக்கிறார். அடுத்த கணமே நெருப்பு அவரை எடுத்துக்கொள்கிறது. யாரும் மன்னிப்பு வாசிக்கவில்லை.

அடிக்கடி கூட்டிவராதீர்கள். மொத்தம் 176 அத்தியாயங்களில் வின் வருவது பதினான்கில்தான். நான்காம் சீசனில் ஒருமுறைகூட வரவில்லை. பார்வையாளர்கள் கேட்கிறார்கள் என்று வாரா வாரம் கொண்டுவந்து நிறுத்தியிருந்தால், ஐந்தாம் சீசனில் அந்தச் சிறைமுகாம் பேச்சைக் கேட்க யாருக்கும் பொறுமை இருந்திருக்காது.